தாத்தா ஒட்டிய சீட்டும், தங்க முகமூடியின் தாடியும்!



எங்கள் தாத்தா வீட்டுச் சமையலறையில் ஒரு குழாய் இருந்தது. சாதாரணமாக, குழாயை இடப்பக்கம் திருப்பினால் திறக்கும். வலப்பக்கம் திருப்பினால் மூடும். அந்தக் குழாய் மட்டும் நேர் எதிர்!

காரணம் வேறு யாருமில்லை, தாத்தா தான்.

குழாய் சொட்டு சொட்டாக ஒழுகிக் கொண்டிருந்தது. பிளம்பரைக் கூப்பிடலாம் என்றார் பாட்டி. "இதுக்குப் போய் ஒரு பிளம்பரா? நாமே பாத்துக்கலாம்" என்று சொல்லி, கட்டிலுக்கு அடியிலிருந்து தன் தகர டப்பாவை இழுத்தார் தாத்தா. உள்ளே பழைய சைக்கிள் டியூப், சணல், துருப்பிடித்த ஸ்குரூ, பாதி காய்ந்த எம்-சீல், எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத பதினேழு சாவிகள். அன்று முழுக்க சைக்கிள் டியூப்பை வெட்டி வெட்டிப் பார்த்தார், சரிப்படவில்லை. மறுநாள் கடைக்குப் போய், குழாயின் உள்ளே இருக்கும் பாகத்தைப் புதிதாக வாங்கி வந்து மாட்டினார்.

ஒழுகல் நின்றது, திசை மாறிவிட்டது! வெந்நீர்க் குழாய்க்கும், பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கும் எதிரெதிர்த் திசையில் திரும்பும் பாகங்கள் கடையில் உண்டு. அது தாத்தாவுக்குத் தெரியாது. தெரிந்து கொள்ளவும் விரும்பவில்லை. ஒரு சீட்டு எழுதி, சுவரில் ஒட்டினார்.

'கவனம்! வலது: திற. இடது: மூடு.'

அந்த வாரமே கும்பகோணத்திலிருந்து மாமா வந்தார். ரொம்பப் பொறுப்பானவர். ராத்திரி படுக்கப் போகும் முன், 'குழாய் சரியாக மூடியிருக்கிறதா?' என்று பார்க்க, வலப்பக்கமாக ஒரு இறுக்கு இறுக்கினார். அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வராது. அதனால் சத்தமும் இல்லை. விடியற்காலை, 4:00 மணிக்குத் தண்ணீர் வந்தது. எல்லாரும் எழுந்து பார்த்தபோது, அரிசி மூட்டைக்கு அடியில் வெள்ளம். வெங்காயக் கூடை மிதந்து கொண்டிருந்தது.

"சுவத்துல சீட்டு ஒட்டியிருக்கேனே... படிக்க வேண்டாமா?" என்றார் தாத்தா.

"ஒழுகினப்போ ஒரு நாளைக்கு ஒரு சொம்பு தண்ணி தான் போச்சு. நீங்க ரிப்பேர் பண்ணினதுக்கு அப்புறம் ஒரு தொட்டித் தண்ணி போச்சு" என்றார் பாட்டி.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எங்கே 'கவனம்' என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், அதற்குப் பின்னால் ஒரு அரைகுறை ரிப்பேர் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். 'கதவைத் தூக்கித் திறக்கவும்', 'மெதுவாக மூடவும்', 'இந்த நாற்காலியில் ஓரமாக உட்காரவும்'... பத்துக்கு எட்டு, கண்டிப்பாக ஒளிந்திருக்கும்!

இதே விஷயத்தைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. பெயர் டொனால்டு நார்மன், அமெரிக்கர். மனிதர்களின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று படித்தவர். அன்றாடப் பொருட்களைப் பற்றி, 1988ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் அதிகம் திட்டியது, கதவுகளைத் தான்!

வங்கி, கடை வாசலில் உள்ள கண்ணாடிக் கதவைப் பாருங்கள். இழுப்பதற்கு வசதியாகப் பளபளவென்று ஒரு கைப்பிடி இருக்கும். நாமும் இழுப்போம்; வராது. மேலே பார்த்தால், 'தள்ளு' என்று எழுதியிருக்கும். கைப்பிடி, 'என்னை இழு' என்கிறது. எழுத்து, 'தள்ளு' என்கிறது. நம் கை, கைப்பிடியின் பேச்சைத் தான் கேட்கும். கைப்பிடிக்குப் பதில் தட்டையான ஒரு தகடு இருந்தால், அதை எப்படி இழுப்பது? தள்ளத் தான் முடியும், எழுத்தே தேவையில்லை. கதவைத் திறக்கவே அறிவிப்பு வேண்டுமென்றால், தவறு நம் மேல் இல்லை. கதவைச் செய்தவர் மேல் என்பது நார்மனின் கட்சி. இப்படிக் குழப்பும் கதவுகளுக்கு, 'நார்மன் கதவு' என்றே பெயர் வந்துவிட்டது. பாவம், குறை சொன்னவர் பெயரையே குறைக்கு வைத்து விட்டனர்!

உங்கள் வீட்டு ஹாலில் உள்ள சுவிட்ச் போர்டு முன், ஒரு விருந்தாளியை நிறுத்திப் பாருங்கள். மின்விசிறியைப் போட, எத்தனை சுவிட்சைத் தட்டுகிறார் என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டு ரெக்கார்டு ஆறு. அதில் ஒன்று, எதற்கு என்று இன்று வரை யாருக்கும் தெரியாத சுவிட்ச்!

ராஜாவின் தாடி விழுந்தது!

'தாத்தா மாதிரி ஆட்கள் நம்ம ஊரில் தான் இருப்பார்கள்' என்று நினைக்கிறீர்களா? உலகத்தின் மிகப் புகழ்பெற்ற அருங்காட்சியகங்களில் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள்.

எகிப்தைச் சிறு வயதிலேயே ஆண்ட மன்னர், துட்டன்காமன். அவரது கல்லறையை, 1922ல் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்தார். மன்னரின் உடலுக்கு அணிவிக்கப்பட்டிருந்த தங்க முகமூடியின் படத்தை, பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். எடை, 10 கிலோவுக்கும் மேல். வயது, 3,300 ஆண்டுகளுக்கும் மேல். முகவாயிலிருந்து பின்னல் போல ஒரு நீளத் தாடி தொங்கும்.

கடந்த, 2014 ஆகஸ்டில், கெய்ரோ அருங்காட்சியகத்தில் அந்த முகமூடியைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வேலை செய்தபோது, தாடி கழன்று விட்டது!

நம் வீட்டில் பூ ஜாடி உடைந்தால் என்ன செய்வோம்? அம்மா வருவதற்குள் பசை போட்டு ஒட்டி, உடைந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்போம் அல்லவா? அங்கும் அதே கதை தான். சீக்கிரம் காயும், 'எபாக்சி' என்ற பசையைத் தடவி, அவசரமாக ஒட்டி விட்டனர். ஏறக்குறைய தாத்தாவின் எம்-சீல் குடும்பத்தைச் சேர்ந்த பசை. பசை அதிகமாகி வழிந்தது. வழிந்ததைச் சுரண்டினர், தங்கத்தில் கீறல் விழுந்தது. முகத்துக்கும், தாடிக்கும் நடுவே மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கவும் முடியாது. உலகமே பார்க்க வரும் முகம் ஆயிற்றே! 2015 ஜனவரியில் விஷயம் வெளியே வந்து, ஊரெல்லாம் பேச்சாகி விட்டது.

'ஒட்டியது ஒட்டிக் கொண்டது தானே, அப்புறம் என்ன?' என்று தோன்றும். அங்கு தான் சிக்கல். பழம்பொருட்களைப் பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு: இன்று நாம் செய்யும் வேலையை, நாளை வேறொருவர் பொருளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடிய வேண்டும். 50 ஆண்டு கழித்து இன்னும் நல்ல வழி ஒன்று கண்டுபிடிக்கப்படலாம் அல்லவா? எபாக்சியோ, ஒட்டினால் ஒட்டியது தான், லேசில் விடாது.

ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியன் எக்மன் என்ற நிபுணரின் தலைமையில், ஒரு குழு வேலையில் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, மரக் கருவிகளால் பசையைச் சுரண்டி எடுத்தனர். இரும்புக் கருவி பட்டால் மறுபடியும் கீறல் விழுமே! சில நிமிடங்களில் ஒட்டியதைப் பிரித்துச் சரி செய்ய, வாரக் கணக்கில் ஆனது. பிறகு தாடியை எதை வைத்து ஒட்டினர் தெரியுமா? தேன்மெழுகு! பழங்கால எகிப்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த பொருள். வேண்டும்போது பிரித்துக் கொள்ளலாம். 2015 டிசம்பரில் முகமூடி மீண்டும் பார்வைக்கு வந்தது. அடுத்த மாதம், எட்டு ஊழியர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது.

ஸ்பெயினில் போர்ஹா என்ற சிறிய ஊரில் வேறு மாதிரி நடந்தது. அங்குள்ள சர்ச் சுவரில், 1930ஐ ஒட்டி வரையப்பட்ட இயேசுவின் ஓவியம், ஈரத்தில் உரிந்து கொண்டிருந்தது. அதைப் பார்த்து மனம் பொறுக்காத, 80 வயது கடந்த ஒரு பாட்டி, தானே தூரிகையை எடுத்தார். 2012ல் அந்தப் படம் வெளியானபோது, 'இது இயேசுவா, குரங்குக் குட்டியா?' என்று உலகமே சிரித்தது. "நான் இன்னும் முடிக்கவே இல்லையே" என்றார் பாட்டி. ஆனால், பாருங்கள்... அந்த முகத்தைப் பார்க்கவே கூட்டம் கூட்டமாக மக்கள் வர ஆரம்பித்தனர். நுழைவுக் கட்டணம் வைத்தனர். அந்தப் பணம் முதியோர் இல்லத்துக்கு உதவியது. எனக்கு அந்தப் பாட்டி மேல் கோபமே வரவில்லை. உங்களுக்கு?

கோபம் வர வேண்டிய ரிப்பேர் ஒன்று, எங்கள் தாத்தாவிடமே இருந்தது. அயர்ன் பாக்ஸ் ஒயரின் மேலுறை கிழிந்து, உள்ளே செம்புக் கம்பி தெரிந்தது. தாத்தா, காயத்துக்குப் போடும் துணி பிளாஸ்திரியை அதன் மேல் சுற்றினார். 'ஒயருக்கும் காயம் தானே பட்டிருக்கு' என்று ஜோக் வேறு! ஒரு மழை நாளில், ஈரக் கையோடு பாட்டி அந்த இடத்தைத் தொட்டு விட்டார். 'ஹா...' என்று ஒரு சத்தம். கை உதறி விழுந்தது. நல்ல வேளையாக, அத்தோடு விட்டது. துணி ஈரத்தை உறிஞ்சும். ஈரத் துணி மின்சாரத்தைக் கடத்தும். கிழிந்த ஒயருக்கு எந்தப் பட்டியும் மருந்தல்ல. ஒயரையே மாற்ற வேண்டும். அன்று தாத்தா ஜோக் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலமே எலெக்ட்ரீஷியன் வந்து விட்டார்.

'நான் ஆபீசில் இல்லை!'

இப்போது தெருவுக்கு வருவோம். பிரிட்டனின் ஒரு பகுதி வேல்ஸ். அங்கு ஆங்கிலத்தோடு, வெல்ஷ் என்ற சொந்த மொழியும் உண்டு. அதனால், சாலைப் பலகைகள் இரண்டு மொழியிலும் இருக்கும். நம் ஊரில் தமிழும், ஆங்கிலமும் இருப்பது போல.

ஸ்வான்சி நகரில், 2008ல் ஒரு பலகை வைக்க வேண்டியிருந்தது. 'கனரக வாகனங்கள் நுழையக் கூடாது. இது குடியிருப்புப் பகுதி' என்பது ஆங்கில வாசகம். வெல்ஷ் மொழியில் மாற்றித் தரும்படி, மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு இ - மெயில் அனுப்பினர். உடனே வெல்ஷ் மொழியில் பதில் வந்தது. 'அட, எவ்வளவு சுறுசுறுப்பு!' என்று மகிழ்ந்து, அதை அப்படியே பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, சாலையோரத்தில் நட்டு விட்டனர்.

வெல்ஷ் தெரிந்தவர்கள் அந்த வழியே போனபோது, வண்டியை நிறுத்திச் சிரித்தனர். பலகையில் இருந்தது என்ன தெரியுமா? 'நான் தற்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவை இருந்தால் அனுப்பவும்.' மொழிபெயர்ப்பாளர் லீவில் போகும் முன், இ - மெயிலில் தானாகப் போகும்படி வைத்து விட்டுப் போன பதில் அது! பலகையை அவசரமாகக் கழற்றினர்.

அதற்கு இரண்டு ஆண்டு முன், அதே வேல்சில், 'சைக்கிள் ஓட்டிகளே, இறங்குங்கள்' என்ற பலகையின் வெல்ஷ் பக்கம், சிறுநீர்ப்பையில் வரும் ஒரு நோயைப் பற்றிப் பேசியது. சைக்கிள் ஓட்டுபவருக்கும், அந்த நோய்க்கும் ஆங்கிலத்தில் ஓசை ஏறக்குறைய ஒன்று. யாரோ இரண்டையும் குழப்பி விட்டனர் போலிருக்கிறது!

இவை சிரிக்க. ஆனால், அதே, 2006ல் தலைநகர் கார்டிஃபில் வைத்த ஒரு பலகையை நினைத்தால், சிரிப்பு பாதியில் நிற்கிறது. பாதசாரிகளுக்கான பலகை அது. ஆங்கிலத்தில், 'வலப்பக்கம் பார்' என்று இருந்தது. வெல்ஷில், 'இடப்பக்கம் பார்' என்று இருந்தது! பிரிட்டனில், நம் ஊரைப் போலவே, வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடும். சாலையில் இறங்கும்போது, முதல் வண்டி நம் வலப்பக்கத்திலிருந்து தான் வரும். வெல்ஷ் மட்டும் படித்துவிட்டு இடப்பக்கம் பார்த்தபடி ஒரு குழந்தை இறங்கியிருந்தால்...?

வட இந்திய லாரிகளின் பின்னால், 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், ஆளுக்கொரு கதை சொல்வர். அர்த்தம் எதுவானாலும், பின்னால் வருபவர் ஹார்ன் அடித்துத் தள்ளுவது மட்டும் நிஜம். காது தாங்காமல், மகாராஷ்டிரா அரசு, 2015ல் அந்த வாசகத்துக்குத் தடை போட்டது.

தியேட்டர், பெரிய கடை, மெட்ரோ ரயில் நிலையம் எங்கு போனாலும், பச்சை நிறத்தில் ஒரு மனிதன் கதவு வழியே ஓடுகிறானே... அவன் மட்டும் எந்த மொழிக்காரரையும் குழப்புவதில்லை. அவன் பிறந்த கதை சோகமானது. ஜப்பானின் ஒசாகா நகரில், 1972ல் ஒரு பெரிய அங்காடிக் கட்டடத்தில் தீப்பிடித்து, 118 பேர் இறந்தனர். மறு ஆண்டு, வேறொரு நகரத்து அங்காடியிலும் இதே போல் பெரிய தீ விபத்து. அந்தக் காலத்தில், 'அவசர வழி' என்று அங்கு எழுத்தில் தான் எழுதியிருப்பர். புகை சூழ்ந்த நேரத்தில் யார் நின்று படிப்பது? படிக்கத் தெரியாத குழந்தையும், வெளிநாட்டுக்காரரும் என்ன செய்வர்? எழுத்தில்லாமல் வழி காட்டும் படம் ஒன்று வேண்டுமென்று போட்டி வைத்தனர். ஆயிரக்கணக்கான படங்கள் வந்து குவிந்தன. புகைக்கு நடுவே எது தெரிகிறது என்று சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தனர். யுகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் அதைச் செம்மைப்படுத்தினார். 1980களில் அது உலகத்துக்கே பொதுச் சின்னமாகி விட்டது. அடுத்த முறை சினிமாவுக்குப் போனால், இடைவேளை பாப்கார்னுக்கு முன், அந்தப் பச்சை மனிதன் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று ஒரு பார்வை பார்த்து வையுங்கள்.

எங்கும் போகாத படி

ஜப்பான் என்றதும் நினைவுக்கு வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது தான்!

டோக்கியோவில், 1972ல், அகாசேகவா கென்பேய் என்ற ஓவியர், நண்பர்களுடன் மதியச் சாப்பாட்டுக்கு நடந்து போய்க் கொண்டிருந்தார். ஒரு விடுதியின் சுவரை ஒட்டி, ஒரு படிக்கட்டு இருந்தது. ஒரு பக்கம் ஏறலாம். மறு பக்கம் இறங்கலாம். ஆனால், உச்சியில் கதவே இல்லை, வெறும் சுவர்! ஏறுவதற்கும், இறங்குவதற்கும் மட்டுமே ஒரு படிக்கட்டு. ஒரு காலத்தில் அங்கே கதவு இருந்திருக்கும், பிறகு அடைத்திருப்பர். அது கூடப் பெரிய ஆச்சரியமில்லை. படிக்கட்டின் மரக் கைப்பிடியில் ஒரு துண்டு உடைந்திருந்தது. அந்த இடத்தில் புதுக் கட்டையை வைத்து யாரோ அக்கறையாகச் சரி செய்திருந்தனர்! எங்கும் போகாத படிக்கு, எதற்கு ரிப்பேர்?

அன்றிலிருந்து, அவர் இப்படிப்பட்ட பொருட்களைத் தேட ஆரம்பித்தார். மாடியில், அந்தரத்தில் திறக்கும் கதவு. அடைத்துவிட்ட ஜன்னலுக்கு மேல் மழை படாமல் காக்கும் கூரை... அவை எதற்கும் பயன்படாது. ஆனால், கட்டடத்தோடு ஒட்டிக் கொண்டிருக்கும். யாரோ ஒருவர் பராமரித்தும் வருவார். இவற்றுக்கு அவர் வைத்த பெயர், 'தாமசன்!' கேரி தாமசன் என்பவர் அமெரிக்க பேஸ்பால் வீரர். ஜப்பானின் புகழ்பெற்ற அணி ஒன்று, பெரிய சம்பளம் கொடுத்து, 1981ல் அவரை அழைத்து வந்தது. பாவம், மட்டையை வீசினால் பந்து படவே இல்லை. ஆனாலும், அணி அவரைப் பத்திரமாக வைத்திருந்தது. 'பயனில்லை, ஆனால், பராமரிப்பு பிரமாதம்' என்றதும், ஓவியருக்கு அந்தப் படிக்கட்டு நினைவு வந்துவிட்டது! 1980களில், ஒரு பத்திரிகையில் இவர் எழுத எழுத, வாசகர்கள் தங்கள் தெருவில் உள்ள தாமசன்களைப் படமெடுத்து அனுப்பிக் குவித்தனர்.

எங்கள் பேட்டையில் ஒரு தாமசன் உண்டு. காலி மனை ஒன்றின் முன், இரும்புக் கேட் நிற்கிறது. இரண்டு பக்கமும் சுவர் கிடையாது; எப்போதோ இடிந்து போய், ஆடு, மாடு எல்லாம் பக்கவாட்டில் போய் வருகின்றன. ஆனால், கேட்டுக்கு ஒரு பெரிய பூட்டு. பொங்கலுக்குப் பொங்கல் யாரோ பச்சை பெயின்ட் அடிக்கின்றனர். போன வருடம் அதில், 'கேட் முன் வண்டி நிறுத்தாதீர்' என்று பலகையும் தொங்கியது!

சரி, தாத்தா வீட்டுக் குழாய் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா?

அயர்ன் பாக்சுக்கு எலெக்ட்ரீஷியன் வந்தாரல்லவா... அதே வாரம் பாட்டி, பிளம்பரையும் வரச் சொல்லி விட்டார். அவர் உள்ளே இருந்த பாகத்தைக் கழற்றி, சரியானதை மாட்டினார். மொத்தமே ஐந்து நிமிடம். இடது, திற, வலது, மூடு. உலக வழக்கப்படி குழாய் திருந்தி விட்டது. பாட்டி, சுவரிலிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் காலை, சமையலறையில் மறுபடியும் வெள்ளம். இந்த முறை பாட்டியே தான்! மூன்று வருடமாக இடப்பக்கம் திருப்பி மூடிய கை. தூக்கத்தில் அப்படியே செய்து விட்டது. அந்த மாதம் முழுக்க, வீட்டில் ஒவ்வொருவராகச் சட்டையை நனைத்துக் கொண்டனர்.

தாத்தா பொறுமையாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஒரு காகிதத்தை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதி, குழாய்க்கு மேலே அதே இடத்தில் ஒட்டினார்.

'கவனம்! இந்தக் குழாய் சரியாக இருக்கிறது.'